மோட்சத்திலும் சிபார்சா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கடவுளைத் தவிர வேறு யாரிடமாவது பிரார்த்தனை செய்யலாமா கூடாதா என்பதைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளாகவே வெகு காலமாய் நடந்துவரும் விவாதமாகும். இதைக் கேட்டவுடன், "பிரார்த்தனையே வீண் என்று சொல்லுகிற உங்களுக்கு, அவர்கள் யாரிடம் பிரார்த்தித்தால் என்ன?" என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு வீட்டுக் கணக்கின் உண்மை எப்போது தெருவுக்கு வருகிறது? அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாய் இருக்கும்போது வருவதில்லை. பாகப்பிரிவினைச் சண்டை வந்தால்தான், அண்ணன் மறைத்ததைத் தம்பியும், தம்பி மறைத்ததை அண்ணனும் எடுத்து வீசுவார்கள். அதுபோலவே மதக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் விவாதத்திலிருந்து அறிவுக்காரன் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. ஆகவேதான் இதை எடுத்துக்கொண்டோம்.

இக்கூட்டத்தில் கத்தோலிக்கத் தோழர்களும் இருக்கலாம். பிராடெஸ்டெண்டுத் தோழர்களும் இருக்கலாம். யாருடைய மனதையும் புண்படுத்த வேண்டும் என்பது நமது எண்ணமல்ல. இருவர் கட்சியையும் அவரவர் சொல்லுகிறபடியே முதலில் சொல்லிவிடுகிறோம். தப்பாய்ச் சொன்னால் எழுந்து திருத்தலாம்.

கத்தோலிக்கர் சொல்வதென்ன? "நாங்கள் மாதாவையோ, அந்தோணியாரையோ, சவேரியாரையோ கடவுளாகக் கும்பிடுவதில்லை. கடவுளுக்குச் செய்வது ஆராதனை. அர்ச்சியசிஷ்டர்களுக்குச் செய்வது வணக்கம். மாதாவுக்குச் செய்வது அந்த வணக்கத்தில் மேலானது. எங்களுக்காகக் கடவுளிடம் மன்றாடும்படிதான் அவர்களைக் கேட்கிறோம். காய்ச்சலாய்க் கிடக்கிறவன் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்து, 'ஐயா, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்லுவதில்லையா? ஒருவருக்காக ஒருவர் மன்றாடச் சொல்லி யாகப்பர் நிருபத்திலேயே இருக்கிறதே! உயிரோடிருக்கும் பாவியின் மன்றாட்டு உதவுமானால், மோட்சத்திலிருக்கும் புண்ணியவானின் மன்றாட்டு உதவாமல் போகுமா?" என்கிறார்கள்.

பிராடெஸ்டெண்டார் சொல்வதென்ன? "கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் மத்தியஸ்தர் ஒருவரே, அவர் கிறிஸ்துதான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். இரண்டாவது மத்தியஸ்தர் எதற்கு? செத்தவர்கள் நம் பேச்சைக் கேட்கிறார்கள் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் எங்கே? ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்று பண்டிதர்கள் புஸ்தகத்தில் பிரிக்கலாம். மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் விழும் கிழவிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" என்கிறார்கள். இறந்த புண்ணியவான்கள் ஜனங்களுக்காக மன்றாடுவதாய்க் கத்தோலிக்கர் மக்கபேயர் ஆகமத்திலிருந்து காட்டினால், "அந்த ஆகமமே எங்கள் வேதத்தில் சேர்ந்ததல்ல" என்று இவர்கள் தள்ளிவிடுகிறார்கள். கடவுள் கொடுத்த புஸ்தகத்தில் எத்தனை ஆகமம் என்பதே இரண்டு கட்சிக்கும் இன்றுவரை தீராத வழக்காயிருக்கிறது!

நிற்க. இந்தச் சண்டை 500 வருஷங்களுக்கு முன் லூத்தர் கிளப்பிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அதன் வேரைத் தேடினால் இன்னும் ஆயிரம் வருஷத்திற்குமேல் பின்னால் போகவேண்டும்.

ரோமராஜ்யத்தில் ஒரு ஏழைக்குக் காரியம் ஆகவேண்டுமானால் நேரே அதிகாரியிடம் போக முடியாது. அவனுக்கு ஒரு பெரிய மனிதரின் ஆதரவு வேண்டும். அந்தப் பெரிய மனிதர் இன்னொரு பெரிய மனிதரிடம் சொல்லுவார். அவர் அரண்மனையில் சொல்லுவார். நம் ஊரில் தாசில்தார் கச்சேரிக்கு மனுக் கொடுக்கப் போனவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பூமியிலிருந்த இந்த ஏற்பாட்டையே மக்கள் வானத்துக்கும் ஏற்றிவைத்தார்கள். பல தேவதைகளைக் கும்பிட்டுவந்த அக்காலத்து ரோமர்களும், "பிரபுக்கள் மூலமாய் ராஜாவிடம் போவதுபோல, இந்தத் தேவதைகள் மூலமாய்த்தான் பெரிய கடவுளிடம் போகவேண்டும்" என்று சமாதானம் சொன்னார்கள்.

அதற்குக் கிறிஸ்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? 4-ம் நூற்றாண்டில், தமாசுஸ் என்பவர் ரோமாபுரியில் போப்பாக இருந்த காலத்தில் (366 - 384), பவுலின் நிருபங்களுக்கு உரை எழுதிய ஒரு கிறிஸ்தவர் இருந்தார். அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. பிற்காலத்தார் அம்புரோசியாஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அவர் சொன்னதன் கருத்து இதுதான்: ராஜாவிடம் போக இடையில் ஆள் எதற்கு வேண்டியிருக்கிறது? ராஜாவும் மனிதன், யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாது, அதனால் வேண்டியிருக்கிறது. கடவுளோ எல்லாம் அறிந்தவர். அவரவர் யோக்கியதை அவருக்குத் தெரியும். ஆதலால் அவரிடம் போகச் சிபார்சுக்காரன் வேண்டியதில்லை, பக்தியுள்ள மனமே போதும்.

தோழர்களே! இது எவ்வளவு அழகான வாதம் பாருங்கள்! நாம் சொன்னாலும் இதைவிடத் தெளிவாய்ச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாதம் மாற்று மதத்தார் தேவதைகளை வெட்டுவதற்காகத் தீட்டின கத்தி. வெட்டி முடிந்ததும் கத்தியை உறையில் போட்டுவிட்டார்கள். பழைய தேவதைகள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் காலியானவுடன், அதே நாற்காலிகளில் அர்ச்சியசிஷ்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதே, கிறிஸ்தவர்களுக்குள் இருந்தே, அதை ஒருவர் கேட்டார். அவர் பெயர் விஜிலான்சியுஸ். இன்றைய பிரெஞ்சு தேசத்தின் தென்பாகத்தைச் சேர்ந்த ஒரு குருவானவர். செத்தவர்களின் எலும்புத் தூளை விலையுயர்ந்த துணியில் சுற்றிவைத்து முத்தமிடுவது ஏன்? பட்டப்பகலில் சூரியன் காயும்போது மெழுகுவர்த்திகளைக் குவித்து ஏற்றுவது ஏன்? உயிரோடிருக்கும்போது ஒருவருக்காக ஒருவர் மன்றாடலாம், செத்த பிறகு ஒருவருக்காக ஒருவர் மன்றாடுவது எப்படிச் செல்லும்? இவைதான் அவர் கேட்ட கேள்விகள்.

அவருக்குப் பதில் எழுதினவர், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த மகா பண்டிதரான ஜெரோம். 406-ம் வருஷத்தில், ஒரே இரவில், ஒரு புஸ்தகமே சொல்லி எழுதுவித்தார். அதில் வாதமும் உண்டு. ஆனால் வாதத்தைவிட வசவே முன்னால் நிற்கிறது. விஜிலான்சியுஸ் என்ற பெயருக்கு விழித்திருக்கிறவன் என்று அர்த்தம். அதைத் திருப்பித் 'தூங்குமூஞ்சி' என்று பொருள்பட வேறு பெயர் வைத்தார். அவர் சாராயக்கடைக்காரர் குடியில் பிறந்தவர் என்று குத்திக்காட்டினார். கேள்விக்குப் பதில் இல்லாதபோது கேட்டவனின் பிறப்பை இழுப்பது நம் நாட்டுப் பண்டிதர்கள் மட்டும் கண்டுபிடித்த வித்தை அல்ல என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனி, அவர் சொன்ன வாதத்தையும் பாருங்கள். அர்ச்சியசிஷ்டர்கள் செத்த பிறகு இங்கே நடப்பதை எப்படி அறிவார்கள் என்றால், அவர்கள் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள், கிறிஸ்து எங்கும் இருக்கிறார், ஆகவே அவர்களும் எங்கும் இருக்கிறார்கள் என்றார். எங்கும் இருப்பவர், எல்லோர் மனுவையும் ஒரே சமயத்தில் கேட்பவர் என்றால், அப்புறம் அவருக்கும் கடவுளுக்கும் மிச்சம் இருக்கிற வித்தியாசம் என்ன? இதற்குப் பதில் இல்லை. ஜெரோமின் புஸ்தகம் இருக்கிறது. விஜிலான்சியுஸின் புஸ்தகம் இல்லாமல் போய்விட்டது. அவர் கேட்டதெல்லாம் அவரைத் திட்டினவரின் புஸ்தகத்தில் எடுத்துச் சொல்லப்பட்டிருப்பதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

இந்த நம்பிக்கை ஜனங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறோம். 13-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்தில் லியோன் பட்டணத்துக்கு வடக்கே, ஸ்தேவான் என்ற சன்னியாசி பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். கிராமத்துப் பெண்கள் பலர், தங்கள் பிள்ளைகளைக் 'கினெபோர்' என்ற அர்ச்சியசிஷ்டரிடம் கொண்டுபோனதாய்ச் சொன்னார்கள். யார் இந்த அர்ச்சியசிஷ்டர் என்று விசாரித்தால், அது ஒரு வேட்டை நாய்! ஒரு பிரபுவின் குழந்தையைக் கடிக்கவந்த பாம்பை அந்த நாய் கடித்துக் கொன்றதாம். தொட்டில் கவிழ்ந்து கிடப்பதையும் நாயின் வாயில் இரத்தத்தையும் பார்த்த பிரபு, நாய்தான் குழந்தையைக் கொன்றதென்று அதை வெட்டிவிட்டானாம். நம் நாட்டில் கீரிப்பிள்ளையை வைத்துச் சொல்லுகிற அதே கதைதான். அநியாயமாய்ச் செத்த நாய் வேதசாட்சியாகிவிட்டது.

இதில் சிரிப்பதற்கு மட்டும் இடமிருந்தால் நாம் சொல்லியிருக்க மாட்டோம். நோய்ப்பட்ட குழந்தையை அந்த நாயின் சமாதிக்குக் கொண்டுபோய், உடுப்பைக் களைந்து, இரண்டு மரங்களுக்கு நடுவே கைமாற்றி, பிறகு மெழுகுவர்த்தியைக் கொளுத்திவைத்துவிட்டு, வர்த்தி எரிந்து தீருமட்டும் தாய் திரும்பிப் பாராமல் விலகியிருக்க வேண்டும் என்பது முறை. அப்படி விட்ட குழந்தைகளில் சில நெருப்புப் பற்றிச் செத்தன என்று அந்தச் சன்னியாசியே எழுதிவைத்திருக்கிறார். பெற்ற தாய், பிள்ளை பிழைக்கவேண்டும் என்ற ஆசையினாலேயே, அந்தப் பிள்ளையை நெருப்புக்குக் கொடுத்தாள். அவள் மேல் நமக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு வைத்தியர் யார் இருந்தார்? மருந்து எங்கே இருந்தது?

சன்னியாசி நாயின் எலும்பைத் தோண்டி எரித்து, மரங்களை வெட்டச் செய்தார். திருச்சபை அந்த நாய் வணக்கத்தை ஒப்பவில்லை என்பதை நியாயத்திற்காகச் சொல்லிவிடுகிறோம். ஆனாலும் 19-ம் நூற்றாண்டிலும் தாய்மார்கள் அந்த இடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஏன்? வந்த பிள்ளைகளில் பல பிழைத்ததால்தானே! நாயிடம் வேண்டினாலும் பிள்ளை பிழைக்கிறது. அர்ச்சியசிஷ்டரிடம் வேண்டினாலும் பிழைக்கிறது. யாரிடமும் வேண்டாவிட்டாலும் பிழைக்கிறது. பிழைக்காத பிள்ளையின் கணக்கைத்தான் எந்தக் கோயிலும் எழுதிவைப்பதில்லை.

இனி லூத்தரிடம் வருவோம். 1505-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இடிமழையில் அகப்பட்டுக்கொண்ட அந்த வாலிபர், "அன்னம்மாளே காப்பாற்று! நான் சன்னியாசியாகிறேன்" என்று கத்தினார். பிராடெஸ்டெண்டு மதத்தின் தகப்பனார் மடத்துக்குள் போனதே ஓர் அர்ச்சியசிஷ்டவளுக்குச் செய்த நேர்த்தியினால்தான். பிறகு அவர் விட்டன்பர்க் நகரில் பிரசங்கம் செய்தார். அந்நாட்டுப் பிரபு பிரெடரிக் தமது கோட்டைக் கோயிலில் எலும்பு, பல், மயிர், துணி முதலிய புனிதச் சின்னங்களைச் சேர்த்துவைத்திருந்தார். 1520-ம் வருஷத்துக்குள் அவை சுமார் 19 ஆயிரம் ஆகிவிட்டன. மாதாவின் தலைமயிர் அதில் உண்டு; கிறிஸ்து பிறந்த தொழுவத்து வைக்கோல் உண்டு; நாம் மேலே சொன்ன ஜெரோமின் பல் ஒன்றும் உண்டு! எலும்பு வணக்கத்திற்காக வாதாடினவர் பல்லே கடைசியில் காட்சிக்கு வந்துவிட்டது. அத்தனையையும் முறைப்படி தரிசித்து, கேட்ட காணிக்கையையும் போட்டால், செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் படவேண்டிய தண்டனையில் சுமார் 19 லட்சம் வருஷம் தள்ளுபடி. கணக்குப் பார்த்து வட்டி தள்ளுகிற லேவாதேவிக்காரர்கூட இவ்வளவு தாராளமாய்த் தள்ளமாட்டார்!

1517-ல், சகல அர்ச்சியசிஷ்டர்களின் திருநாளுக்கு முந்தின தினமாகிய அக்டோபர் 31-ல், பாவத் தண்டனையைப் பணத்துக்குத் தள்ளுபடி செய்யும் வியாபாரத்தைக் கண்டித்து லூத்தர் தமது 95 வாதங்களை வெளியிட்டார். 1530-ல் லூத்தர் கட்சியார் ஆக்ஸ்பர்க் நகரில் கொடுத்த விசுவாச அறிக்கையில், அர்ச்சியசிஷ்டரை நல்ல உதாரணமாக நினைக்கலாம், ஆனால் அவர்களைக் கூப்பிட்டு உதவி கேட்க வேதத்தில் போதனை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அக்காலத்திலேயே எராஸ்முஸ் என்ற அறிஞர் இருந்தார். அவர் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தவர். கப்பல் உடைந்து மூழ்குகிற சம்பாஷணை ஒன்று 1523-ல் எழுதினார். அதில் ஒருவன், பாரிஸ் நகரத்துக் கோயிலில் மலைபோல் நிற்கும் கிறிஸ்தோபர் சிலையளவு மெழுகுவர்த்தி தருவதாய்க் கத்துகிறான். பக்கத்திலிருப்பவன், "உன் சொத்தெல்லாம் விற்றாலும் அது முடியாதே!" என்று இடிக்கிறான். முதல்வன் கிறிஸ்தோபர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, "சும்மா இரு, கரையேறினால் கொழுப்புவர்த்திகூடக் கொடுக்கமாட்டேன்" என்கிறான். இன்னொருவனோ எந்த அர்ச்சியசிஷ்டரையும் கூப்பிடவில்லை. ஏனென்றால், மோட்சம் விசாலமான இடம். வாசலில் நிற்கும் இராயப்பரிடம் சொன்னாலும், அவர் உள்ளே போய்க் கடவுளைக் கண்டு வழக்கை எடுத்துச் சொல்லுவதற்குள் நான் மூழ்கிப்போவேன் என்கிறான்! கச்சேரி வாசலில் காத்துக்கிடந்து அனுபவப்பட்டவன் பேசுகிற பேச்சல்லவா இது?

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. காண்டர்பரி கோயிலில் தாமஸ் பெக்கட் என்ற அர்ச்சியசிஷ்டரின் சமாதி பொன்னும் இரத்தினமுமாய் ஜொலித்தது. 1538-ல் எட்டாவது ஹென்றி ராஜா, அது மூடநம்பிக்கை என்று சொல்லி இடித்துத் தள்ளினான். மூடநம்பிக்கை போயிற்று, பொன் எங்கே போயிற்று? ராஜாவின் பொக்கிஷத்துக்குப் போயிற்று. தலைமுறை தலைமுறையாய் அந்தப் பொன்னைக் கொட்டின குடியானவனுக்கு ஒரு காசு திரும்பவில்லை. 1571-ல் உறுதியான இங்கிலாந்து சபையின் 39 பிரமாணங்களில் 22-வது, அர்ச்சியசிஷ்டரைக் கூப்பிடுவது வேத ஆதாரமற்ற வீண் கற்பனை என்று சொல்லுகிறது. கத்தோலிக்கரோ 1563 டிசம்பரில் திரெந்து நகர மகாசபையில், அர்ச்சியசிஷ்டரைக் கூப்பிடுவது நல்லது, பிரயோஜனமானது என்று தீர்மானித்தார்கள். ஆனால் அதே தீர்மானத்தில், இதையொட்டிய மூடவழக்கங்களையும் இழிவான லாபத்தையும் ஒழிக்கவேண்டும் என்றும் சொல்லவேண்டியதாயிற்று. லாபம் இருந்ததை எதிரி சொல்லவில்லை, வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டார்.

இந்தச் சண்டை கப்பலேறித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கி லூத்தர் மதத்தைப் பிரசாரம் செய்தார். வீரமாமுனிவர் என்று நாம் சொல்லும் பெஸ்கி கத்தோலிக்கர். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்தவர். தரங்கம்பாடியார் தமிழில் கண்டனம் எழுத, அவர் தமிழில் மறுப்பு எழுதினார். ஜெர்மனிக்காரரும் இத்தாலிக்காரரும் காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு, மாதா பரிந்து பேசுவாளா மாட்டாளா என்று தமிழில் வழக்காடினார்கள்! அதனால் தமிழ் உரைநடைக்கு லாபம் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வழக்கு மட்டும் தீரவில்லை.

இதைக் கேட்டுச் சிரிக்கிற நம் இந்துத் தோழர்களையும் ஒரு வார்த்தை கேட்கிறோம். பெருமாளிடம் நேரே போகக்கூடாது, தாயார் சிபார்சு செய்தால்தான் பலிக்கும் என்று நீங்கள் சொல்லவில்லையா? ஆகவே யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க இடமில்லை. வேளாங்கண்ணிக்கு வெள்ளியில் கையும் காலும் செய்து கொண்டுபோகிறவர்களில் கிறிஸ்தவர் மட்டுமா இருக்கிறார்கள்?

நிற்க. மோட்சத்து உத்தியோகஸ்தர்களை நியமிப்பதும் நீக்குவதும் பூமியிலிருந்துதான் நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். 1802-ல் ரோமாபுரியின் பூமிக்கடிச் சமாதியொன்றில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. மூடியிருந்த ஓடுகளிலிருந்த எழுத்துக்களை மாற்றி அடுக்கிப் படித்துப் 'பிலோமினா' என்று பெயர் கண்டார்கள். அவள் யார், எப்போது இருந்தாள் என்பதற்கு வேறு சரித்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் அவளால் ஆயிரம் அற்புதம் நடந்ததாய்ச் சொல்லி, தேசந்தோறும் கோயில் எழும்பின. மைசூரில் ஒரு பெரிய கோயில் அவள் பெயரால் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1961-ல் ரோமாபுரி அதிகாரிகளே அவள் பெயரைத் திருநாள் பஞ்சாங்கங்களிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். 1969-ல், எராஸ்முஸ் கதையில் வந்த கிறிஸ்தோபரின் திருநாளும் உலகப் பொதுப் பஞ்சாங்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்படியானால் பிலோமினாவிடம் அழுத கண்ணீரெல்லாம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? பலன் கிடைத்ததென்று சாட்சி சொன்னார்களே, அந்தப் பலனைக் கொடுத்தது யார்?

இப்போது நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பிராடெஸ்டெண்டார் கத்தோலிக்கரைப் பார்த்து, "எல்லாம் அறிந்த கடவுளுக்குச் சிபார்சு எதற்கு?" என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. அதற்குக் கத்தோலிக்கர், "அப்படியானால் எல்லாம் அறிந்த கடவுளுக்கு உங்கள் பிரார்த்தனைதான் எதற்கு? உங்களுக்கு வேண்டியது என்னவென்று நீங்கள் சொல்லித்தானா அவருக்குத் தெரியவேண்டும்? உங்கள் சபையில் ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது எதற்கு?" என்று திருப்பிக் கேட்கலாம். அதுவும் சரியான கேள்விதான்! இரண்டு கேள்விகளும் சரி. இரண்டுக்கும் பதில் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுப் பீடத்தைப் பார்ப்பதற்கு மட்டும் அறிவு என்ற விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தம் வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே ஊதி அணைத்துவிடுகிறார்கள். அந்த விளக்கை அணைக்காமல் உள்ளேயும் கொண்டுபோங்கள் என்பதுதான் நாம் சொல்லுவது. வேறொன்றும் நாம் புதிதாய்ச் சொல்லவில்லை.

சீர்திருத்தக்காரர்கள் செய்த உபகாரத்தை நாம் குறைக்கவில்லை. பொய் எலும்பு வியாபாரத்தை ஒழித்தார்கள். பாமரன் கையில் புஸ்தகத்தைக் கொடுத்தார்கள். ஆனால் செத்துப்போன சிபார்சுக்காரரை இறக்கிவிட்ட நாற்காலியில் இன்று உயிரோடிருக்கும் சிபார்சுக்காரர்கள் ஏறிக்கொள்ளவில்லையா? "உங்கள் கஷ்டத்தை எழுதி அனுப்புங்கள், நாங்கள் ஜெபிக்கிறோம், காணிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்" என்கிற போதகர்களை நீங்கள் பார்த்ததில்லையா? எலும்பாவது சோறு கேட்காது!

பிறர் மன்றாட்டுக்குப் பலன் உண்டா என்பதைப் பரீட்சை செய்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கால்ட்டன் என்ற விஞ்ஞானி 1872-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். தேசமுழுதும் கோயில்தோறும் ராஜகுடும்பத்தின் ஆயுளுக்காக வாரந்தவறாமல் மன்றாடுகிறார்களே, பலன் உண்டா என்று பார்த்தார். ராஜகுடும்பத்தார் சராசரி 64 வயது. யாரும் பிரத்தியேகமாய் மன்றாடாத கிராமக் கனவான்கள் 70 வயது. பிறகு அமெரிக்காவில் 6 ஆஸ்பத்திரிகளில் இருதய ஆப்பரேஷன் செய்துகொண்ட 1,802 நோயாளிகளை வைத்துச் செய்த பரீட்சை 2006-ல் வெளியாயிற்று. மன்றாட்டுச் செய்வார்களோ மாட்டார்களோ என்று தெரியாதிருந்தவர்களில், மன்றாட்டுச் செய்யப்பட்டவர்களுக்கு 100-க்கு 52 பேருக்குச் சிக்கல் வந்தது. செய்யப்படாதவர்களுக்கு 100-க்கு 51. தமக்காக மன்றாடுகிறார்கள் என்று நிச்சயமாய்த் தெரிந்திருந்தவர்களுக்கோ 100-க்கு 59! மருந்தாயிருந்தால் இதைக் கடையில் விற்க அனுமதிப்பார்களா?

"பிரார்த்தனையால் மனதுக்கு ஆறுதல் உண்டே" என்று கேட்பீர்கள். இருக்கலாம். செத்துப்போன தாயை நினைத்துப் பேசி அழுகிறவனை நாம் தடுக்கமாட்டோம். ஆனால் ஆறுதல் வேறு, வைத்தியம் வேறு. வங்காளத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் வயிற்றுக்கட்டி 1998-ல் கரைந்தது. அது தெரேசா அம்மையாரின் மன்றாட்டினால் நடந்த அற்புதம் என்று ரோமாபுரி ஏற்று 2003-ல் அம்மையாருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தது. அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களோ, எங்கள் மருந்தினால்தான் குணமாயிற்று என்றார்கள். டாக்டருக்கு நன்றி போகாததல்ல நமது கவலை. அதைக் கேட்ட இன்னொரு ஏழைப் பெண், தன் வயிற்றுக்கட்டிக்கு மாத்திரையை விட்டுவிட்டுப் படத்தைக் கட்டிக்கொண்டால் அவள் உயிருக்கு யார் ஜவாப்தாரி?

தாய்மார்களே! உங்களுக்குத்தான் கடைசியாய்ச் சொல்லுகிறோம். நாயின் சமாதியில் பிள்ளையை விட்ட அந்தத் தாய்க்கு ஆஸ்பத்திரி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லையானால், மருந்து இல்லையானால், நாலு பேராய்ச் சேர்ந்து போய் ஏன் இல்லை என்று கேளுங்கள். அது சிபார்சல்ல, உரிமை. பூமியில் சிபார்சு இல்லாமல் காரியம் நடக்கும்படி நாம் செய்துவிட்டால், மோட்சத்தில் சிபார்சு தேடுகிற புத்தி தானாகவே போய்விடும்.

நாம் சொன்னதை நாம் சொன்னதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். அப்படி ஒப்புக்கொண்டால் நாமும் உங்களுக்கு ஒரு சிபார்சுக்காரராகிவிடுவோம். வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அறிவைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு, தப்பென்று பட்டதைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.